வெயிலுகந்தம்மாள் வீட்டுச் சுவர்

வாம்மா, உள்ள வா. செருப்பு கிடக்கட்டும். இந்த ஊர்ல எத்தனை தடவை பெருக்குனாலும் தரையில மணல் இருக்கத்தான் செய்யும், கடல் காத்து அப்படி.

நீ தேடி வந்த வீடு இதுதான். நீ கேக்கற சுவரும் இதுதான். ஆமா, இந்த வெள்ளைச் சுவருதான். கேட்டுல ஆரம்பிச்சு கிணத்தடி வரைக்கும் போகுது பாரு, அது பூராவும். பெயிண்டுக்குப் பின்னாடி பூச்சு, பூச்சுக்குப் பின்னாடி நீ போட்டோவுல பாத்தது எல்லாம் இருக்கு. யாரு காட்டுனா போட்டோ? அந்தப் பிரான்ஸ்காரன் எடுத்ததா? இருக்கும். வந்து இந்த வளவுக்குள்ளயே கிடந்து படம் எடுத்தான். அவனுக்கு நாந்தான் சோறு போட்டேன். அதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் வந்திருக்காது.

எந்தக் காலேஜுன்னு சொன்ன? படம் வரையற காலேஜா. அதுக்குன்னு தனியா காலேஜு இருக்கா? சரி. மெட்ராஸ்ல எல்லாம் இருக்கும்.

எங்க வீட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்க. அதுவும் நல்லதுக்குத்தான். இருந்தா, நீ வந்த விஷயத்தச் சொன்னதுமே எந்திச்சுப் போயிருப்பாங்க. அவங்க அம்மாவப் பத்தி யாரு பேச்செடுத்தாலும் போயிருவாங்க. நான் அப்படி இல்ல. நான் சொல்லுதேன். முப்பது வருஷத்துக்கு மேல அத்தை கூட ஒரே அடுப்புல கிடந்தவ நான். பெத்த மகனவிட எனக்குத்தான் அவங்களத் தெரியும்.

அத்தை பேரு வெயிலுகந்தம்மாள். ஊருக்கு வெயிலக்கா. எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்த அக்கா. அதனால முதல்ல எனக்குச் சொந்த அத்தை, அப்புறம்தான் மாமியார். தொண்ணூறு வயசத் தாண்டி வாழ்ந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு, என் மாமா, உப்பளத்துல மேஸ்திரி. உப்பு மூட்டை ஏத்துன லாரி குடை சாஞ்சு அதுக்கு அடியில போயிட்டாரு. அத்தைக்கு அப்போ சின்ன வயசு. கையில ரெண்டு பிள்ளை. மூத்தவங்கதான் எங்க வீட்டுக்காரங்க, தவசிக்கனின்னு பேரு. இளையது ஒரு பொம்பளப் பிள்ளை, முத்துக்கனி.

எங்கப்பா வண்டி பிடிச்சுட்டு வந்து, "வாக்கா, ஊருக்குப் போவோம். என் வீட்டுல ஒரு மூலையில இருந்துக்கோ"ன்னு கூப்பிட்டிருக்காரு.

"ஒரு மூலை எனக்கு எதுக்குடா? எனக்கு நாலு மூலையும் வேணும்"னு சொல்லி வண்டிய வெறுமனே திருப்பி அனுப்பிச்சுட்டாங்க.

எங்கப்பா இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு அதுல சிரிக்க என்ன இருக்குன்னு இன்னும் தெரியல. வீடு தேடி வந்து கூப்பிடற தம்பிகிட்ட பேசற பேச்சா அது?

ஹார்பருக்குப் போற ரோட்டுல தட்டி கட்டி டீக்கடை போட்டாங்க. மூட்டை தூக்கறவங்க, லாரி டிரைவருங்க, கப்பல்ல இருந்து இறங்கறவங்க, வர்றது பூராவும் ஆம்பளைங்க. ஒரு நாளு எவனோ கிளாஸ வாங்கற சாக்குல கையச் சேத்துப் பிடிச்சிருக்கான். அத்தை கைய இழுக்கல. சிரிச்ச முகமா, இன்னொரு கையால கொதிக்கற பால எடுத்து அவன் கை மேல ஊத்திட்டாங்க. அவன் கை மேலன்னா, அதுக்குள்ள இவங்க கையும்தானே இருக்கு? ரெண்டு கையும் வெந்து போச்சு. அந்தத் தழும்ப நான் பாத்திருக்கேன், மணிக்கட்டுல இருந்து விரல் வரைக்கும் தோலு சுருங்கிக் கிடக்கும். அதுக்கப்புறம் அந்த ரோட்டுல ஒருத்தனும் அவங்ககிட்ட வாலாட்டல. தைரியம்தான், இல்லைங்கல. ஆனா அதுக்குக் கொஞ்சம் கிறுக்கும் வேணும்.

இந்த வீடு அவங்க கட்டுனது. கரித்துண்ட வச்சுத் தரையில கோடு போட்டு, இங்க அடுப்பு, இங்க ஜன்னல், கடல் காத்து இப்படி வந்து இப்படிப் போகணும்னு கொத்தனாருக்குச் சொல்லியிருக்காங்க. இப்பவும் பாரு, ஃபேன் இல்லாமலே காத்து வருதுல்ல? அதச் சொல்லணும்.

வீடு முடியறதுக்குள்ள அந்தச் சின்னப் பிள்ளை முத்துக்கனி வாந்திபேதியில போயிருச்சு. காலையில தெருவுல ஓடி விளையாடுன பிள்ளை, பொழுது சாயும்போது இல்ல.

அங்கதான் இது ஆரம்பிச்சுது. பிள்ளைக்குப் பதினாறாம் நாள் காரியம் கூட முடியல. அது சோறு திங்கற பீங்கான் தட்டு, நீலப் பூ போட்டது, அத எடுத்துட்டு வந்து கிணத்தடியில வச்சு, குழவிக் கல்லப் போட்டுத் தானே உடைச்சிருக்காங்க. மிச்சம் கிடந்த சிமிட்டியக் குழைச்சு, பூசாம நின்ன மதில்ல அந்தத் துண்ட ஒண்ணொண்ணாப் பதிச்சு ஒரு மீனு பண்ணியிருக்காங்க. நீல மீனு. துக்கம் கேக்க வந்த சனமெல்லாம் வாசல்ல நிக்குது, பெத்தவ சிமிட்டியும் கையுமா சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்திருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீரு கிடையாதாம். எங்கம்மா அன்னைக்கே சொன்னாளாம், இவளுக்கு நெஞ்சுல இருக்கறது கல்லுன்னு.

அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. டீக்கடையில உடையற சாமானுக்குப் பஞ்சமா? கிளாஸு, சாசரு, பீங்கான் கப்பு. அது பத்தாதுன்னு சங்கு அறுக்கற இடத்துக்குப் போயி கழிச்ச துண்ட வாங்கிட்டு வருவாங்க. கப்பல்காரன் வீசுன பச்சைப் பாட்டில், பழுப்புப் பாட்டில், எதையும் விடமாட்டாங்க. ஒரு தடவை பஜார்ல கண்ணாடிக் கடை ஒண்ணு தீப்பிடிச்சு அம்புட்டும் நொறுங்கிப் போச்சு. கடையப் போட்டது போட்டபடி விட்டுட்டுச் சாக்கோட ஓடிட்டாங்க. கடைக்காரரு தலையில கைய வச்சுட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு டீ வாங்கிக் குடுத்து, முகத்தக் கழுவ வச்சு, அப்புறம் அவர்கிட்டயே கேட்டு வாரிட்டு வந்தாங்க. மத்தியானம் கடைய மூடிட்டு வந்தா ஊரு உலகத்துப் பொம்பளைங்க செத்த நேரம் தலை சாய்ப்பாங்க. இவங்க சுவரு முன்னால போயி உக்காந்துருவாங்க.

நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ பாதிச் சுவரு முடிஞ்சிருந்தது. வந்த புதுசுல கிணத்தடியில வழுக்கி விழுந்து என் கலியாண வளையல் அம்புட்டும் நொறுங்கிப் போச்சு. பச்சைக் கண்ணாடி வளையல், எங்கம்மா பாத்துப் பாத்து வாங்குனது. தரையில உக்காந்து அழுதுட்டு இருக்கேன். அத்தை ஓடி வந்தாங்க. என்னையத் தூக்கத்தான் வாராங்கன்னு நெனச்சேன். என் கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஊதி ஊதிப் பாத்தாங்க. "எங்கயும் குத்தல. எந்திட்டி"ன்னுட்டு, வளையல் துண்ட எல்லாம் மடியில பொறுக்கிட்டுப் போயிட்டாங்க. அம்புட்டுத்தான். அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன், இந்த வீட்டுல நமக்கு என்ன மரியாதைன்னு.

அந்தச் சுவத்துல எல்லாரையும் வச்சாங்கம்மா. மாமாவ உப்புக் குவியலுக்குப் பக்கத்துல குடை பிடிச்சு நிக்கற மாதிரி. எங்க வீட்டுக்காரங்கள சைக்கிள் ஓட்டற மாதிரி. எங்கப்பாவ வெறும் வண்டியோட திரும்பிப் போற மாதிரி. கடைக்குப் பின்னாடி சுத்துன நொண்டி நாய், அதக்கூட வச்சாங்க. என் மக ஷர்மிளா பிறந்ததும் அவளக் கொய்யாப்பழத்துக்குள்ள படுக்க வச்சாங்க. என்னைய மட்டும் வைக்கல. நானும் ஒரு நாளும் கேட்டதில்ல. கேப்பேனா?

கிணத்துக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை உருவம் உண்டு. கழுத்து நீளமா, தலைய நிமித்திட்டு நிப்பா. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சை, அப்படி மின்னும். அத்தனை பெரிய உருவம் அந்தச் சுவத்துல வேற கிடையாது. மாமாவக்கூட அந்த உசரத்துக்கு வைக்கல. "யாரு அத்தை இது?"ன்னு ஒரு நாளு கேட்டேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. "தெரியலையா? தெரியாட்டி போ"ன்னுட்டுத் திரும்பிக்கிட்டாங்க. ஏதோ அம்மனா இருக்கும். எனக்கு வருத்தம்தான். ஆக்கிப் போட்டவளுக்கு ஒரு கை அகலம் இடம் கிடையாது பாத்தியா.

அதவிடக் கேளு. நான் டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் பண்ணவ. ஷர்மிளாவுக்கு மூணு வயசிருக்கும், அத்தை கடைக்கு வர்ற ஒரு ஷிப்பிங் ஆபீஸ் மேனேஜர்கிட்ட அவங்களாப் பேசி முடிச்சுட்டு வந்து நிக்காங்க. "ஏட்டி, திங்கக்கிழமையில இருந்து வேலைக்குப் போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். படிச்ச விரலு சும்மா கிடக்கக் கூடாது"ன்னாங்க. பாத்தியா? மருமகளச் சம்பாதிக்க அனுப்பிட்டு வீட்டுல ராஜாங்கம் பண்ணப் பாத்தாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அப்படிப்பட்ட குடும்பத்துல நான் பிறக்கல. அத்தை ரொம்ப நாளு என் முகத்தப் பாக்கல. "போயிருந்தா உனக்குன்னு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும்மா"ங்கா என் மக இப்போ. அவளுக்கு என்ன தெரியும்?

எங்கப்பா செத்தப்போ நடந்தத நான் மறக்க மாட்டேன். அது என் மனசுல நெருப்பா கிடக்கு. அப்பாவ நடு வீட்டுல கிடத்தியிருக்கோம். அத்தை வந்தாங்க. தம்பி தலமாட்டுல உக்காந்து நெத்தியத் தடவுனாங்க. அப்பாவோட மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலயே இருந்தது. அத உருவி எடுத்துட்டு வெளிய போனாங்க. வாசல்ல கிடந்த கல்லால ஒரே போடு. எல்லாரும் பதறிப் போயி நிக்காங்க. உடைஞ்ச சில்ல எல்லாம் முந்தானையில முடிஞ்சுட்டு மறுபடி வந்து உக்காந்துக்கிட்டாங்க. நான் கத்திட்டேன், "அத்தை, அது எங்கப்பாது! எனக்கு வேணும்!"னு.

"உனக்கு எதுக்கு? பெட்டியில பூட்டவா? என்கிட்ட இருந்தா அவன் பாத்துட்டே இருப்பான்"ன்னாங்க.

சுவத்துல வெறும் வண்டியோட திரும்பிப் போற அப்பா முகத்துல பதிச்சு வச்சாங்க. சாயங்கால வெயில் பட்டா ரெண்டு கண்ணும் எரியற மாதிரி இருக்கும். நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். அப்பா ஞாபகமா எனக்குன்னு ஒரு சாமான் இல்லாமப் போச்சு. நீயே சொல்லு, யாரு பெரிய மனுஷின்னாலும் அடுத்தவ அப்பன் கண்ணாடிய உடைக்கலாமா?

அப்புறம் வயசாச்சு. ரோட்டுக்கு இடம் எடுத்தப்போ கடை போச்சு. சுகரு வந்து கண்ணு ரெண்டும் போச்சு. அப்பவாவது அடங்குவாங்கன்னு பாத்தா, இல்ல. காலையில எந்திச்சதும் கேட்டுல இருந்து கிணத்தடி வரைக்கும் சுவத்தத் தடவிட்டே நடப்பாங்க. அதுதான் அவங்களுக்குப் பேப்பர் படிக்கற மாதிரி. மீனு கிட்ட வந்ததும் நிப்பாங்க. எங்கயாவது ஒரு சில்லு உதிர்ந்திருந்தா விரலுக்குத் தெரிஞ்சுரும். "ஏட்டி ஜெயக்கொடி, மாமாவுக்குக் குடைக் கம்பு விழுந்துருச்சு, சிமிட்டி கொண்டா"ன்னு சத்தம் போடுவாங்க. கண்ணு தெரியாமலே ஒட்டுவாங்க. ஒரு தடவை கண்ணாடி குத்தி, புண்ணு ஆறாம, ஆள்காட்டி விரல எடுக்கறாப்ல ஆயிருச்சு. டாக்டரு என்னையத்தான் திட்டுனாரு, "நீங்கெல்லாம் வீட்டுல என்ன பண்றீங்க?"ன்னு. கட்டு பிரிச்ச மறுநாளே மிச்ச விரல வச்சுட்டு சுவத்துக்கிட்ட போயி நிக்காங்க. அந்த மனுஷிய என்ன பண்ணச் சொல்லுத?

அந்த நேரத்துலதான் ஷர்மிளாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை மெட்ராஸ்ல பெரிய வேலை. வீடு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா கேட்டுக்குள்ள வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. சுவத்தப் பாத்துட்டு, "எல்லாம் உடைஞ்ச சாமானா?"ன்னு கேட்டாங்க. அம்புட்டுத்தான் கேட்டாங்க. ஆனா அந்தக் கேள்வியில எல்லாம் இருக்குல்ல? உடைஞ்ச சாமான வீட்டுல வச்சா விளங்குமா? அதுலயும் செத்தவங்க தட்டு, செத்தவங்க கண்ணாடி. பிள்ளை கலியாணத்துக்குப் பந்தல் போடற வீடு. பங்குனியில பேசி வைகாசியில தேதி வச்சாச்சு.

எங்க வீட்டுக்காரங்ககிட்ட சொன்னேன், "சுவத்தப் பூசிருவோம்"னு. சாப்பிட்டுட்டு இருந்தவங்க கை அப்படியே நின்னுச்சு.

"அம்மா இருக்கட்டும். போனப்புறம் பாத்துக்கிடலாம்"ன்னாங்க.

"அவங்க போற வரைக்கும் உங்க மக கன்னியா இருப்பாளா? கண்ணுதான் தெரியல, கைய வேற அறுத்துக்கிடுதாங்க. இன்னொரு விரலு போனா யாரு பாக்கறது? நீங்களா?"ன்னு கேட்டேன்.

கைய அலம்பிட்டு வெளிய போயி சுவரு முன்னால ரொம்ப நேரம் நின்னாங்க. திரும்பி வந்து, "உன் இஷ்டம்"ன்னாங்க. அவங்க சரின்னு சொல்லித்தாம்மா செஞ்சேன். இத எல்லாருகிட்டயும் சொல்லுதேன், யாரு காதுலயும் ஏற மாட்டேங்குது.

அத்தைக்குக் கால்ல புண்ணுன்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். மகன் கூட இருந்தாங்க. நான் இன்னாசிய வரச் சொன்னேன். இன்னாசி நம்ம ஏரியா கொத்தனாரு, ரொம்ப காலமா அத்தைக்கு மணல் சலிச்சு, சிமிட்டி கொண்டுவந்து குடுக்கறவன். விஷயத்தச் சொன்னதும் கரண்டியக் கீழ வச்சுட்டான்.

"அக்கா உசுரோட இருக்கும்போதா?"

"உன்னால முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கேன்."

குனிஞ்சு கரண்டிய எடுத்தான். "வேற எவனாவது வந்தா கொத்தி எடுத்துட்டுப் பூசுவான். நான்னா மேலாப்புல பூசிருவேன், உள்ள இருக்கறது இருந்துக்கிடும்"ன்னு சொல்லிட்டு வேலையப் பாத்தான். கிணத்தடிக்கு வந்ததும் என்னையக் கூப்பிட்டு, அந்தப் பெரிய பொம்பளை உருவத்தக் காட்டி, "இதயும் மூடணுமா? நீங்களே சொல்லுங்க"ன்னான். "எல்லாத்தையும்தான்"னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். அந்தாளுக்கு எப்பவுமே அப்படி ஒரு பார்வை.

பூச்சு முடிஞ்சு வெள்ளை அடிச்சதும் வீடே பெருசாயிட்ட மாதிரி இருந்தது. சுத்தமா இருந்தது. அன்னைக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்தது, ஏன் பொய் சொல்லணும்?

அத்தைய ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. நல்ல மத்தியானம். கேட்டுக்குள்ள வந்ததும் எப்பவும் போல கைய நீட்டுனாங்க. சுவத்துல உள்ளங்கைய வச்சாங்க. எடுத்தாங்க. மறுபடி வச்சாங்க. கொஞ்ச தூரம் நடந்தாங்க, கை வழுக்கிட்டே போகுது. நின்னு மோந்து பாத்தாங்க, சிமிட்டி வாடை இன்னும் போகல. கிணத்தடி வரைக்கும் போயி, அந்த மீனு இருந்த இடத்துல குனிஞ்சு தடவுனாங்க. மேல, கீழ, பக்கத்துல. கத்துவாங்க, கம்ப வீசுவாங்கன்னு நான் தயாரா நின்னேன். ஒண்ணும் செய்யல. மகன் நின்ன பக்கமா முகத்தத் திருப்பி, மெதுவாத்தான் கேட்டாங்க.

"தவசி, வேற யாரு வீட்டுக்கோ கூட்டிட்டு வந்துட்டியேய்யா. வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

நாந்தான் பக்கத்துல போயி, "நம்ம வீடுதான் அத்தை. சுவரு ஓதம் அடிச்சுக் கிடந்தது, அதான் பூசியிருக்கு"ன்னேன்.

என் குரலு வந்த பக்கம் திரும்புனாங்க. "அப்படியா தாயி? நல்லாப் பூசியிருக்கீங்க"ன்னாங்க.

நீங்கன்னு. என்னைய. முப்பது வருஷமா ஏட்டின்னு கூப்பிட்ட வாயி.

அதுக்கப்புறம் பாரு, அவங்க மாதிரி ஒரு மாமியாரு உலகத்துல கிடையாது. ஒரு அதட்டல் கிடையாது, ஒரு குத்தம் கிடையாது. காப்பி குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிட்டு, "ரொம்ப உபகாரம் தாயி"ம்பாங்க. குளிக்க வச்சா, "உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"பாங்க. ஒரு நாளு தலை சீவி விட்டுட்டு இருக்கேன், "உங்க பேரு என்ன?"ன்னு கேட்டாங்க.

"ஜெயக்கொடி, அத்தை."

"நல்ல பேரு. என் மருமகளுக்கும் அதே பேருதான். என் தம்பி மக. கெட்டிக்காரி. வேலைக்குப் போகச் சொன்னேன், கேக்கல. வேலை வாங்கிக் குடுத்ததே தப்புன்னு நெனச்சுக்கிட்டா போல."

நேருல ஒரு நாளாவது கெட்டிக்காரின்னு சொல்லியிருக்காங்களா? கேளு, சொல்லியிருக்காங்களா? சீப்பு கையில அப்படியே நின்னுச்சு எனக்கு. மறதின்னு டாக்டரு சொன்னாரு. வயசானா வீடு மறக்குமாம், ஆள் மறக்குமாம். இருக்கும். ஆனா மருந்துக்கு நேரமாச்சுன்னு எனக்கு ஞாபகப்படுத்தறதே அவங்கதான். இன்னாசி ஒரு நாளு பாக்க வந்தான். இருமுனான், அம்புட்டுத்தான். "இன்னாசியா? என் வீட்டுப் பக்கம் போனியா? எல்லாம் இருக்கா?"ன்னாங்க. அவன் தரையப் பாத்துட்டு, "இருக்குக்கா. பத்திரமா இருக்கு"ன்னான். அதுக்கப்புறம் அவன் இந்தத் தெருவுக்கே வாரதில்ல.

வெளியூர்ல வேலையில இருந்த ஷர்மிளா லீவுல வந்தா. கேட்டத் திறந்தவ பெட்டியக் கீழ போட்டுட்டா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"ன்னு கத்துனா. "உனக்காகத்தாண்டி"ன்னேன். மாப்பிள்ளைக்கு அந்தச் சுவரு ரொம்பப் பிடிச்சிருந்ததாம். அவரு சொல்லித்தான் அவரோட அம்மா ஆசையா நின்னு பாத்தாங்களாம். அத அன்னைக்கே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

சித்திரை பிறந்ததும் அத்தை சாப்பாட்டக் குறைச்சுட்டாங்க. "பிறத்தியார் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்குத் தாயி? என் வீட்டுல போயி சாப்பிட்டுக்கிடுதேன்"பாங்க. அப்புறம் ஒரு நாளு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

"உங்க வீட்டுல கலியாணம் வருதாம்ல. நான் வயசான மனுஷி, எப்போ வேணா போயிருவேன். உள்ள செத்தா உங்களுக்குத்தான் சங்கடம். என் கட்டில வெளிய போடச் சொல்லுங்க."

பாத்தியா, எம்புட்டுப் பெரிய மனசு? எங்க வீட்டுக்காரங்க மாட்டேன்னாங்க. அத்தை விடல, கம்ப ஊணிட்டு அவங்களாவே வெளிய போயி ரோட்டுல நின்னுட்டாங்க. வேற வழியில்லாம மதிலுக்கு வெளிப்பக்கம், பக்கத்து வீட்டு வாதாம் மரத்து நிழல்ல கட்டிலப் போட்டோம். தெருவே பேசுச்சு, மாமியாரத் தெருவுல போட்டுட்டான்னு. நானா போட்டேன்? அவங்க கேட்டாங்க, போட்டோம். வேளைக்கு வேளை நாந்தான் தண்ணி கொண்டு போயிக் குடுத்தேன். தண்ணி மட்டும் குடிப்பாங்க.

ஒரு நாளு காலையில போயி எழுப்புனா, இல்ல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தபடி போயிட்டாங்க. குளிப்பாட்டும்போது பாக்கேன், மிச்சமிருந்த விரலு நகத்துல எல்லாம் காரை. கட்டிலுக்கு நேரா, கை எட்டற உசரத்துல, வெளிப்பக்கச் சுவரு பேந்து செங்கல் தெரிஞ்சது. அந்தப் பக்கம் அவங்க எதையும் ஒட்டுனதே இல்லையே. உப்புக்காத்துக்கு எந்தச் சுவரும் உதிரத்தான் செய்யும்.

பொம்பளைங்க எல்லாம் சேந்து உள்ள தூக்கிட்டு வரப் பாத்தோம். எங்க வீட்டுக்காரங்க கேட்டுக்குக் குறுக்க வந்து நின்னாங்க. ரெண்டு கையையும் விரிச்சுட்டு நின்னாங்க. "உள்ள கொண்டு போகாதீங்க. அம்மாவுக்குத் தெரியாத வீடு"ன்னாங்க. சொந்தக்காரங்க எவ்வளவோ சொல்லியும் கேக்கல. தெருவுல இருந்தே எடுத்துட்டுப் போனாங்க. அவங்க கட்டுன வீடு, பாத்துக்கோ.

கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப் போச்சு. மெட்ராஸ்லயே மண்டபம் பிடிச்சு நடத்திட்டாங்க. ஷர்மிளா இன்னும் இங்க வரல. வேலை அதிகமாம், லீவு கிடைக்க மாட்டேங்குதாம். போன்ல பேசுதா, நல்லாத்தான் பேசுதா. எங்க வீட்டுக்காரங்க படுக்கை இப்போ அந்தக் கட்டில்லதான், வெளியில. காத்து நல்லா வருதாம். வீடு முழுக்கக் காத்து வருது, அவங்க அம்மாதான் வர வச்சாங்க, ஆனாலும் வெளியிலதான் காத்து வருதாம்.

என்னம்மா சுவத்துக்கிட்ட போயி நிக்க? கைய எடு. இல்லம்மா, ஒரு ஓரமாக்கூடக் கொத்திப் பாக்க வேண்டாம். வருஷா வருஷம் நானே நின்னு பெயிண்ட் அடிக்கேன். இப்போதான் அடிச்சது. நீ போட்டோவுல பாத்தது போதும்.

அந்தப் போட்டோவுல கிணத்தடிப் பக்கம் இருக்கா? இல்ல, காட்ட வேண்டாம். வேண்டாம்மா, உள்ள வை. எனக்குக் கண்ணாடி போடாமத் தெரியாது.

டீ போட்டுட்டு வாரேன். ஏன் அப்படி விறைச்சுட்டு உக்காந்திருக்க? தூரத்துல இருந்து வந்திருக்க, முதுகு வலிக்கும். சுவத்துல நல்லாச் சாஞ்சுக்கோ. இப்போ குத்தாது.